சூரியனில் காலியான இடம்

கண்காணிப்பு அறையின் இடது ஓரத்தில் இருக்கும் சாம்பல் நிறத் திரையைக் கழற்றிவிட்டு, அங்கே புது மென்பொருளுக்கு இடம் பண்ணலாமா என்று நீங்கள் கூடிப் பேசியது என் காதுக்கு வந்துவிட்டது. நான் புனே கோந்த்வாவில் வீட்டோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன் என்பதற்காக, என் மேசையில் நடப்பது எனக்குத் தெரியாமல் போய்விடுமா? வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன். காது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

வருஷம் முழுக்க அதில் ஒன்றுமே தெரிவதில்லை, சும்மா கரண்ட் தின்கிறது என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். யார் என்று தெரியும், பெயரைச் சொல்ல மாட்டேன். ஒன்றும் தெரிவதில்லை என்பதும் உண்மைதான். அது அங்கே வரக் காரணம் நான். ஏன் வந்தது என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்கள் கடகடவென்று படித்துவிடுவீர்கள். என்னைப் போல இந்த ஊர் கேம்ப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படித்தால்தான் வரும். பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நடுவில், இந்த அம்மா ரொம்பத்தான் பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று தோன்றும். ஆமாம், பெருமைதான். இத்தனை வருஷம் சூரியனையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

நம் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சூரியனின் வெளிமண்டலத்திலிருந்து அவ்வப்போது ஒரு பெரிய மேகம் பிய்த்துக்கொண்டு கிளம்பும். மின்னூட்டம் ஏறிய வாயு, அதைச் சுருட்டிப் பிடித்திருக்கும் காந்தப்புலம், இரண்டும் சேர்ந்த மேகம். அது பூமியின் மேல் வந்து மோதினால், மேலே சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு ஆபத்து. அப்படி ஒன்று கிளம்பியதா, கிளம்பவில்லையா என்று சொல்வதுதான் நம் மேசையின் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அறையில் ஒரு வழக்கம் உண்டு. இன்னும் விடாமல் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பணியில் இருப்பவர் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘கேலா’, அல்லது ‘நாஹி கேலா’. மராத்தியில் போய்விட்டது, போகவில்லை. போயிருக்கலாம், வாய்ப்பு இருக்கிறது என்கிற பேச்சுக்கே இடம் கிடையாது. இதை ஏற்படுத்தியவர் அப்போதைய எங்கள் இயக்குநர். புனேக்காரர், சதாசிவ் பேட்டையில் பிறந்தவர், பேச்சில் தயவு தாட்சண்யம் பார்க்காதவர். ‘இருக்கலாம்’ என்று சொல்கிறவருக்குத் தன் தோலைக் காப்பாற்றுவதுதான் முக்கியம், கேட்கிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பார். தமிழச்சியான நானும் அந்த அறையில் மராத்தியில்தான் தீர்ப்புச் சொல்வேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். சூரியன் உச்ச வேகத்தில் கொதித்துக்கொண்டிருந்த காலம், வாரத்துக்கு வாரம் ஏதாவது ஒரு கூத்து. கராடியில் ஐ.டி. பார்க் ஒன்றில் சின்ன அலுவலகம் வைத்திருந்த ஒரு நிறுவனம், தன் முதல் செயற்கைக்கோளை அப்போதுதான் மேலே அனுப்பியிருந்தது. ஒரு மைக்ரோவேவ் அடுப்பின் அளவுதான் இருக்கும். வயல்களில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்வதற்காகச் செய்தது. அதை இயக்கும் பொறுப்பு மலர்விழி என்ற கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் இருந்தது. முப்பதைத் தாண்டியவள். இதைச் செய்து முடிப்பதற்குள் தன் கல்யாணமே இரண்டு தடவை தள்ளிப்போனதாகச் சொல்லிச் சிரிப்பாள். அந்த நிறுவனத்திடம் இருந்தது அந்த ஒரே ஒரு பெட்டிதான். அது போனால் அலுவலகத்தையும் பூட்டிவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பெட்டியோ பிறக்கும்போதே கால் ஊனம். மேலே போனதும் சூரியத் தகடு பொருத்திய இரண்டு சிறகுகளும் விரிய வேண்டும். ஒன்று விரிந்தது, மற்றொன்று பாதியில் சிக்கிக்கொண்டது. அதனால் பேட்டரியில் எப்போதும் அரை வயிற்றுக் கஞ்சிதான். இன்னும் உயரத்துக்கு ஏற்றவில்லை, தாழ்ந்த பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. சூரிய மேகம் வந்து மோதினால் பூமியின் காற்று மண்டலம் சூடாகி உப்பும். தாழ்வாகச் சுற்றுவதெல்லாம் அந்தக் காற்றில் உரசி வேகம் குறைந்து, இறங்கி எரிந்துபோகும். தப்பிக்க ஒரு வழி இருந்தது. பெட்டியைத் திருப்பி, சிறகின் முகம் காற்றில் படாமல் ஓரம் மட்டும் வெட்டிக்கொண்டு போகும்படி நிறுத்தலாம். ஆனால் அப்படி நிறுத்தினால் சிறகில் வெயில் சரியாகப் படாது, பேட்டரி இறங்கிவிடும். இரண்டு நாள் தாங்கும். அப்புறம் பழைய தெம்பு வருவதற்குப் பல நாள் ஆகும். வீணாக ஒரு தடவை திருப்பிவிட்டால், நிஜமாகவே மேகம் வரும்போது திருப்ப முடியாது. மலர்விழி கையில் இருந்தது ஒரே ஒரு திருப்பு. அதை எப்போது பயன்படுத்துவது என்று எங்களைத்தான் கேட்பாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, சூரியனின் வலப்பக்கத்தில் இருந்த பெரிய கரும்புள்ளிக் கூட்டத்தில் பளீரென்று ஒரு ஃப்ளேர், அதாவது ஒளி வெடிப்பு. திரையே வெளுத்துப்போகும் அளவுக்கு வெளிச்சம். அந்தப் பதினோரு வருஷச் சூரியச் சுழற்சியிலேயே நான் பார்த்த பெரிய ஃப்ளேர்களில் அது ஒன்று. மதியத்துக்குள் தொலைக்காட்சிக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். உலகம் முழுக்க ஆளாளுக்குச் சூரியப் புயல் வருகிறது என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மலர்விழியின் தொலைபேசி எங்கள் மேசையில் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவர்களுக்குச் சொந்தத் தரைநிலையம் கிடையாது. வாடகை நிலையத்தில் அன்று மாலை ஒரு தடவை பெட்டியோடு பேசலாம், அதை விட்டால் சனிக்கிழமை மாலைதான்.

இங்கேதான் நம் தொழிலில் இருப்பவர்கள் தடுக்கி விழுவது. வெளிச்சம் வந்தால் பொருளும் கிளம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வது. சூரியனின் மேல் முறுக்கிய கயிறு போல ஒரு காந்தப்புலம் படுத்திருக்கும். அதன் மேலே வளைவு வளைவாக வேறு காந்தப்புலங்கள் கவிந்து, அதை அமுக்கிப் பிடித்திருக்கும். அடியில் புலங்கள் அறுந்து ஒட்டும்போதுதான் அந்த வெளிச்சம் வருகிறது. மேலே இருக்கும் வளைவுகள் பலமாக இருந்தால், அடியில் எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் கயிறு வெளியே வராது. குக்கர் விசில் அடிக்கிற சத்தத்தில் வீடே அதிரும், ஆனால் மூடி அப்படியேதானே இருக்கிறது? சோறும் உள்ளேதான் இருக்கிறது.

கிளம்பியதா என்று தெரிய ஒரு நேர்வழி உண்டு. சூரிய வட்டத்தைத் தட்டு வைத்து மறைத்துவிட்டு, சுற்றிலும் உள்ள மங்கலான பகுதியை மட்டும் படம் எடுக்கும் கரோனாகிராஃப் கருவி. கிளம்பியிருந்தால் அதில் தெரியும். அன்று பார்த்து அந்தப் படங்கள் விண்கலத்திலிருந்து இறங்கி வருவதற்கு இரவாகிவிடும் என்றார்கள். அதுவரை மலர்விழி காத்திருக்க முடியாது. என் கையில் இருந்தது சூரிய வட்டத்தின் படங்கள் மட்டும்தான்.

நான் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை. கரும்புள்ளிக் கூட்டத்தின் இரண்டு ஓரங்களையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருள் நிஜமாகவே கிளம்பிப் போயிருந்தால், கயிற்றின் இரண்டு காலும் ஊன்றியிருந்த இடம் காலியாகும். அங்கே வாயு குறைந்து படத்தில் கறுத்துப்போகும். ஆள் எழுந்து போன பாயில் பள்ளம் தெரிகிற மாதிரி. ஃப்ளேர் அடங்கி வெகு நேரம் ஆகியும் இரண்டு ஓரங்களிலும் ஒரு கறுப்பும் இல்லை. மேலே இருந்த வளைவுகள் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுப் பழையபடி உட்கார்ந்துவிட்டன.

இயக்குநர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு கையில் தொலைபேசி, அதில் யாரோ பெரிய இடத்துக்காரர். மெதுவான குரலில், இந்த ஒரு தடவை மட்டும் ‘வாய்ப்பு இருக்கிறது’ என்று எழுதிவிடுவோமே என்றார். வந்துவிட்டால் நாம் சொன்னோம் என்று ஆகும், வராவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை என்றார். தான் போட்ட விதியைத் தானே வளைக்கிறோமே என்று அவர் முகத்திலேயே சங்கடம் தெரிந்தது. நான் திரும்பாமலே சொன்னேன், வாசலில் நிற்கும் கேமராக்காரர்களுக்கு ‘இருக்கலாம்’ போதும், அந்தப் பெண்ணுக்குப் போதாது, அவளுக்கு ஒரே ஒரு திருப்புதான் இருக்கிறது என்று. மனிதர், அப்படியானால் எழுந்து நின்று சொல்லுங்கள் என்றார். எழுந்தேன்.

“நாஹி கேலா.”

நானே மலர்விழியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் மெல்லக் கேட்டாள்.

“ஏனுங்க மேடம், ஊரே வருதுங்குது. நீங்க ஒருத்தர்தான் இல்லைங்கறீங்க. நான் யார நம்பறதுங்க?”

“எல்லாரும் வெளிச்சத்தப் பாக்காங்கம்மா. நான் எடம் காலியாச்சான்னு பாக்கேன். காலியாகல. திருப்பாத.”

அப்பா பாளையங்கோட்டைக்காரர். புனேயில் பிறந்து வளர்ந்தாலும், வாயைத் திறந்தால் எனக்கு அந்தத் தமிழ்தான் வரும்.

அவள் திருப்பவில்லை. இரவு கரோனாகிராஃப் படங்கள் வந்தன. துடைத்து வைத்த மாதிரி இருந்தது, ஒரு துரும்புகூட வெளியேறவில்லை. மறுநாள் தொலைக்காட்சியில் சூரியப் புயலைப் பற்றிப் பேச்சே இல்லை, வேறு செய்திக்குத் தாவிவிட்டார்கள். கேன்டீனில் எனக்கு ராஜ உபசாரம். போஹா அவல் தட்டில் வேர்க்கடலையை இரண்டு கரண்டி கூடவே போட்டார்கள். கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். இல்லை என்று சொல்வது பாதி வேலைதான்.

சனிக்கிழமை பகலில் மலர்விழி கராடியிலிருந்து ஸ்கூட்டரில் நேரிலேயே வந்துவிட்டாள். அதுவரை குரலாக மட்டும்தான் தெரியும். ஒல்லியாக, ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலை கலைந்து, கையில் ஒரு டிபன் பாக்ஸோடு நின்றாள். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய கோயம்புத்தூர்ச் சோறு, மேலே நெய். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், நான் முதல் வாய் சாப்பிடுவதைப் பார்த்ததும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அன்று மாலை அவளுடைய பெட்டியோடு பேசும் நேரம். அதற்கு முன் நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள்.

விடுமுறை நாள், அறையில் நானும் இன்னொரு பணியாளரும் மட்டும். சாப்பிட்டபடியே அவளுக்குச் சூரியனைக் காட்டினேன். வியாழக்கிழமை ஆர்ப்பாட்டம் செய்த கரும்புள்ளிக் கூட்டம் ஓரத்தை நோக்கி நகர்ந்திருந்தது. நடுவில், கரும்புள்ளியே இல்லாத வெறும் இடத்தில், ஒரு மெல்லிய கறுப்பு நூல் பல நாட்களாகப் படுத்திருந்தது. யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. காந்தக் கயிற்றில் தொங்கும் குளிர்ந்த வாயுதான் அந்த நூல். அதைக் காட்டலாம் என்று ஹைட்ரஜன் ஒளியில் எடுத்த படத்தைத் திறந்தேன். நூலைக் காணவில்லை.

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. காலையில் வேலைக்கு வந்ததும் பார்த்தபோது இருந்தது. நூல் காணாமல் போனால் உடனே கிளம்பிவிட்டது என்று குதிக்கக் கூடாது, அது உங்களுக்கும் தெரியும். சில சமயம் சூடேறி அந்த ஒளியில் மட்டும் மறைந்துவிட்டு, மறுநாள் அதே இடத்தில் பழையபடி வந்து படுத்துக்கொள்ளும். ஃப்ளேர் ஏதாவது வந்ததா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. எக்ஸ்ரே அளவு படுத்த கோடாக இருந்தது. அசைவைக் காட்டும் நம் பெரிய திரையைப் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

அந்தப் பெரிய திரை எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலிருந்தும் அதற்குச் சற்று முன் எடுத்த படத்தைக் கழிக்கிறது. மாறியது மட்டும் மிஞ்சும். வேகமாகப் பாய்கிறவனுக்கு அது சரியான பொறி. மெதுவாக எழுகிறவன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழைதான் நகர்ந்திருப்பான். கழித்தால் பூஜ்யம்தான் வரும். அப்படியே நம் மூக்குக்குக் கீழே எழுந்து நடந்து போய்விடுவான். வருஷக்கணக்காக எல்லாரும் அப்படித்தான் கழித்துக்கொண்டிருந்தோம், அதுதான் பழக்கம்.

சில கயிறுகளுக்கு ஆர்ப்பாட்டமே தெரியாது. மேலே அமுக்கும் வளைவுகள் பலவீனமாக இருக்கும் வெறும் இடத்தில், மெல்ல மெல்ல உயரும். அடுப்பில் வைத்த பால் எழுவதுபோல, பார்த்துக்கொண்டே இருந்தாலும் எழுவது தெரியாது. ஒரு உயரம் வரைக்கும் மேலே உள்ள வளைவுகள் பிடித்து நிறுத்தும். அதைத் தாண்டிவிட்டால் அவற்றின் பிடி தளர்ந்துவிடும், அப்புறம் எதுவும் தடுக்காது. முதலில் கயிறு நிலை தவறி எழுகிறதா, அல்லது அடியில் புலம் அறுந்து அதை மேலே தள்ளிவிடுகிறதா என்று கேன்டீனில் நீங்கள் மேசையைத் தட்டிச் சண்டை போடுவீர்கள். போடுங்கள், எங்கள் காலத்திலும் அந்தச் சண்டை தீரவில்லை. அன்று எனக்கு அந்தச் சண்டைக்கெல்லாம் நேரமில்லை. போனதா, இல்லையா? அது மட்டும்தான் தெரிய வேண்டும்.

இப்போது எடுத்த படத்திலிருந்து விடிகாலைப் படத்தைக் கழித்தேன். நடுவில் இருந்த அத்தனை படங்களையும் தாண்டிவிட்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நேராகக் கழித்தேன். சாம்பல் நிறத்தில் சூரியன் வந்தது. நூல் படுத்திருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும், அடையாளம் வைத்த மாதிரி, இரண்டு கறுப்புத் திட்டுகள். இடம் காலியாகியிருந்தது.

இன்னும் ஒரு சிக்கல். அது சூரியனின் நட்டநடுவில் நடந்திருக்கிறது, அதாவது நேராக நம் முகத்துக்குத்தான் வருகிறது. நேராக வருவது கரோனாகிராஃபில் தட்டுக்குப் பின்னாலிருந்து எல்லாப் பக்கமும் மெலிதாகப் பரவித்தான் தெரியும். மெதுவாகவும் வந்தால் கேட்கவே வேண்டாம். வந்திருந்த படங்களைக் கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தேன். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

இயக்குநரை வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுக்கினார். ஃப்ளேர் இல்லை, எக்ஸ்ரே இல்லை, கரோனாகிராஃபில் நிச்சயமாக எதுவும் இல்லை, உலகத்தில் வேறு எந்த மேசையும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நிழலை வைத்துக்கொண்டு போய்விட்டது என்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். வியாழக்கிழமை வாங்கிய நல்ல பெயரைச் சனிக்கிழமையே தொலைக்க வேண்டுமா என்று கேட்டார். கரிசனத்தோடுதான் கேட்டார், குத்திக் காட்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வியாழக்கிழமை நான் எதைப் பார்த்துச் சொன்னேனோ அதையேதான் இன்றைக்கும் பார்த்துச் சொல்கிறேன், அன்று அந்த இடம் காலியாகவில்லை, இன்று காலியாகியிருக்கிறது, அன்றைக்குச் சரி என்றால் இன்றைக்கும் சரிதான் என்றேன். எதிர்ப்பக்கம் பெருமூச்சு கேட்டது. உங்கள் பெயரில் போகும், சொல்லுங்கள் என்றார்.

அறையில் என்னைத் தவிர இரண்டு பேர்தான். இருந்தாலும் எழுந்து நின்றுதான் சொன்னேன்.

“கேலா.”

மலர்விழிக்கு மராத்தி அவ்வளவாக வராது. ஆனால் அந்த வார்த்தை புரிந்துவிட்டது.

“எப்பங்க வரும்?”

அதுதான் இன்னும் கடினமான கேள்வி. மாலையில் பெட்டியோடு பேசும்போது, இந்த நேரத்துக்குத் திரும்பு, இந்த நேரத்துக்கு நிமிர் என்று நேரம் குறித்துக் கட்டளை ஏற்றிவிடலாம். பேட்டரி தாங்குவது இரண்டு நாள். சீக்கிரம் திருப்பினால் மேகம் வரும்போது பேட்டரி காலியாகியிருக்கும், தாமதித்தால் மேகம் முந்திக்கொள்ளும். மெதுவாக எழுந்தது மெதுவாகத்தான் நடக்கும் என்று கணக்குப் போட்டேன். திங்கள் இரவுக்கு மேல், செவ்வாய் நண்பகலுக்குள் என்று வந்தது. திங்கள் மாலை திருப்பி, புதன் மாலை நிமிர்த்தச் சொன்னேன். எழுதிக்கொண்டவள் கிளம்பவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இது ஒண்ணுதானுங்க எங்ககிட்ட இருக்குது. நீங்களே எங்க எடத்துல இருந்தா திருப்புவீங்களா?”

“திருப்பிருவேன்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. திங்கள் இரவு கழிந்தது. பூமிக்கு முன்னால் காவலுக்கு நிற்கும் விண்கலத்தில் சூரியக் காற்று சாதுவாக வீசிக்கொண்டிருந்தது. செவ்வாய் காலையும் அப்படியேதான். அங்கே மேலே, ஓரம் திரும்பி நிற்கும் பெட்டியில் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது, நான் சொல்லித்தான் இறங்குகிறது. என் வீட்டுக்காரர் சாகண் கார் தொழிற்சாலையில் காலமெல்லாம் பிரஸ் மிஷினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர், படபடப்பு என்பதே தெரியாத ஆள். மதியம் கூப்பிட்டு, “ஏளா, உன் சூரியன் எங்க, ஹடப்சர் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா?” என்று கேட்டார். தொலைபேசியை வைத்துவிட்டேன். இயக்குநர் என் அறைப் பக்கமே வரவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

பிற்பகலில் காவல் விண்கலத்தின் காந்தமானிக் கோடு ஒரு குதி குதித்தது. சூரியக் காற்றின் வேகம் ஏறியது, அடர்த்தி ஏறியது. அப்புறம் காந்தப்புலம் தெற்கே திரும்பியது, திரும்பி அப்படியே நின்றது. நமக்குக் கெடுதல் செய்கிற திசை அதுதான். அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம், யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கணக்கில் கொஞ்ச நேரம் பிசகியிருந்தேன். ஆனால் வந்தது அதுதான், எல்லாரும் வெறும் நூல் என்று விட்ட அதே கயிறு. நான் அழுதேன் என்று பிற்பாடு கேன்டீனில் கதை கட்டினார்கள். கதை இல்லை, அழத்தான் செய்தேன்.

புதன் மாலை வாடகைத் தரைநிலையத்தில் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பெட்டி உயிரோடு இருந்தால் பேசும். நான் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இயக்குநரும் சும்மா எதையோ புரட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. மலர்விழிதான்.

“அக்கா, பேசிருச்சுங்க.”

அதே ராக்கெட்டில் ஏறிப்போன வேறு சில பெட்டிகள் சிறகை விரித்தபடியே இருந்திருக்கின்றன. அடுத்தடுத்த நாட்களில் ஒன்றொன்றாக இறங்கி எரிந்துபோயின. எங்கள் கால் ஊனப் பெட்டி மட்டும் தப்பித்தது. நான் தொலைபேசியை வைத்ததும் இயக்குநர் எழுந்தார். கிடங்கு அறைக்குப் போய், மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய திரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வயதில் அவர் எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. இடது ஓரத்தில் வைத்துவிட்டு, இதில் எப்போதும் விடிகாலைப் படத்தைத்தான் கழிக்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று என்னிடம் சொன்னார். செய்தேன். நீங்கள் கழற்றலாமா என்று யோசிக்கும் திரை அதுதான்.

வெளிச்சத்தைப் பிடிக்க உங்கள் புது மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வியாழக்கிழமையை அது பார்த்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை வந்தால் யார் பார்ப்பது என்பதையும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். மாதக்கணக்காகச் சாம்பலாகவே இருக்கிற ஒன்றை நம்பி எழுந்து நிற்பதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது என்று நினைத்துத்தான் மேசையை ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

மலர்விழிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மூன்றாவது தடவை தள்ளிப்போடவில்லை. அந்தப் பெட்டியை உயரத்துக்கு ஏற்றியும் விட்டார்கள், பாதிச் சிறகோடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதோடு பேசி முடித்ததும் அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வரும். இன்றும் சனிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்தது, வழக்கமான அதே ஒரு வரிதான்.

“இன்னைக்கும் பேசிருச்சுங்க்கா.”